நாலு புள்ளிப் பந்து

லான்யன் கோல்ஃப் போட்டியின் நாற்பத்தைந்தாம் ஆண்டு மலரில் என் அப்பா ஒரே ஒரு இடத்தில் வருகிறார். அறுபத்தெட்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. ‘பதினாறாவது குழியில் பை தூக்குபவர் செய்த தவறால் ரீஸ் டானிங்கருக்கு இரண்டு அடி தண்டம் விதிக்கப்பட்டது.’ பெயர்கூட இல்லை. அந்த வரியை எழுதியது நான்.

ரிவர்சைடு கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, எங்கள் பாலைவன ஊரான இந்தியோவுக்குத் திரும்பி வந்து எட்டு மாதம் சும்மா இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்தால் என்ன ஆகும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. அப்போதுதான் கிளப்பிலிருந்து கூப்பிட்டார்கள். லான்யன் போட்டியின் வரலாற்றை எழுத ஆள் வேண்டும், முப்பது பெட்டி நிறையப் படமும் காகிதமும் கிடக்கிறது என்றார்கள். என் முழுப்பெயரைச் சொன்னேன், யெசேனியா கார்பஹால். இந்தப் பள்ளத்தாக்கில் பத்து வீட்டுக்கு ஒரு கார்பஹால் இருப்பதால் யார் மகள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

முதல் பெட்டியில் 1961. டெக்ஸ்டர் லான்யன் அப்போது தொலைக்காட்சியில் பெரிய சிரிப்பு நடிகர். குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு கட்டடம் வேண்டும் என்று தன் சினிமா நண்பர்கள் பதினெட்டுப் பேரையும், பதினெட்டு தொழில்முறை வீரர்களையும் பாலைவனத்துக்குக் கூட்டி வந்தார். தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்து, ஒரு வீரருக்கு ஒரு பிரபலம் என்று ஜோடி சேர்த்தார். அந்தத் தொப்பி இன்னும் கிளப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியும் அதைத் திறந்து, அதிலிருந்துதான் சீட்டு எடுக்கிறார்கள்.

நல்ல கதைகள் நிறைய இருந்தன. கௌபாய் வேடத்தில் பேர் வாங்கிய ஒருவர் குதிரையை விட்டு இறங்கமாட்டேன் என்று ஒன்பது குழி வரைக்கும் குதிரையிலேயே போனார். ஒரு பாடகியின் பந்து வேடிக்கை பார்த்த கிழவரின் சட்டைப்பையில் விழுந்தது. கிழவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1972இல் பனியில் புல் கருகிவிட, டிவிக்காரர்கள் வருவதற்குள் பச்சைச் சாயம் அடித்தார்கள். அந்த வருடப் படங்களில் எல்லா நட்சத்திரங்களின் வெள்ளைச் சப்பாத்தும் பச்சையாக இருக்கும். இவற்றை எழுதுவது சுகமாக இருந்தது. பெட்டி பெட்டியாக 2004ஐ நோக்கி வந்துகொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் யோசிக்காமல் எழுதினேன்.

படங்களில் அப்பா பலமுறை இருக்கிறார். லான்யன் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு தொப்பியின் ஓரமும் பையின் வாரும் தெரியும். அதுதான் அப்பா.

அப்பாவின் பெயர் எலூத்தேரியோ. எல்லோருக்கும் தேயோ. பதினைந்து வயதில் தெற்கே எல்லைக்கு அப்பால் ஹலிஸ்கோவிலிருந்து பேரீச்சைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பத்தொன்பது வயதில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. தேறி எழுந்தபோது இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மரம் ஏற முடியாதவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. தரையில் நடக்கிற வேலையாகப் பார்த்து கிளப்புக்குப் போய், ஆடுபவர்களின் மட்டைப் பையைத் தூக்க ஆரம்பித்தார். 1977இல் லான்யனின் ஆள் காய்ச்சலில் படுத்துவிட, ஒரு நாளைக்கு மட்டும் என்று அப்பாவைப் போகச் சொன்னார்கள். இருபத்தேழு வருடம் போனார்.

பந்தில் புள்ளி வைப்பது அந்த முதல் நாளே ஆரம்பித்தது. கோல்ஃபில் எல்லோரும் தங்கள் பந்தில் ஏதாவது அடையாளம் போட்டுக்கொள்வார்கள், அடுத்தவன் பந்தோடு கலந்துவிடக் கூடாது என்று. ஆட்டம் தொடங்குமுன், முதல் அடி அடிக்கிற முதல் மேடையில் நின்று, ‘என்னுடையது இந்தக் கம்பெனி, இந்த எண், இந்த அடையாளம்’ என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். லான்யன் அப்பாவிடம் கறுப்புப் பேனாவைக் கொடுத்து, “மூணு புள்ளி வை” என்றாராம்.

“ஏன் சார் மூணு?”

“இதுவரைக்கும் மூணு பொண்டாட்டி. கூடினா சொல்றேன்.”

1988இல் சொன்னார். அன்றிலிருந்து நாலு புள்ளி. ஒவ்வொரு ஜனவரியும் முதல் மேடையில் கூட்டத்தைப் பார்த்து, “நாலு புள்ளி. ஒவ்வொண்ணுக்கும் வக்கீல் வெச்சிருக்கேன்” என்பார். கூட்டம் அதற்காகவே காத்திருந்து சிரிக்கும். அம்மா வீட்டில் வேறு மாதிரி சொல்வாள். ஜனவரி முழுக்க அப்பா லான்யனின் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, “அஞ்சாவது புள்ளி எங்கன்னு கேட்டா இங்க உக்காந்து துடைச்சிட்டிருக்குன்னு சொல்லு” என்பாள்.

2003 நவம்பரில் லான்யன் பயிற்சிக்கு வந்தார். ஒன்பதாவது குழி முடிந்ததும் பத்தாவதுக்குப் போகாமல் வேலியைத் தாண்டித் தெருவில் நடந்தார். அப்பா பையோடு பின்னாலேயே போனார். லான்யன் ஒரு வீட்டுக் கதவுக்கு முன் நின்று சாவிக்காகப் பாக்கெட்டைத் தடவினார். இருபது வருடத்துக்கு முன்னால் அவர் விற்றுவிட்ட வீடு அது.

அப்பா, “சார், பத்தாவது காலியா இருக்கு, போயிடலாமா” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கூட்டி வந்தார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாலாவது மனைவி ஐலீன் கார் நிறுத்துமிடத்தில் அப்பாவை நிறுத்தினாள். டாக்டர் சொல்லிவிட்டார், இனி மோசமாகத்தான் போகும் என்றாள். ஜனவரியில் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும், கடைசி முறையாக ஆடட்டும், அதோடு முதுகுவலி என்று சொல்லி நிறுத்திவிடலாம் என்றாள்.

“பதினெட்டுக் குழி, தேயோ. அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. ஊரைச் சிரிக்க வெச்ச மனுஷன். அவரைப் பார்த்து யாரும் பாவம்னு சொல்லிடக்கூடாது.”

“நான் பாத்துக்கறேன்மா.”

அப்பா யாருக்கும் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. இதைக் கொடுத்துவிட்டார்.

அந்த வருடம் தொப்பிக்குள்ளிருந்து லான்யனுக்கு ஜோடியாக வந்த சீட்டில் இருந்த பெயர் ரீஸ் டானிங்கர். நெப்ராஸ்காக்காரன், முப்பத்தொரு வயது. மணிக்கட்டில் அறுவை சிகிச்சை ஆகி ஒரு வருடம் ஆடாமல் இருந்தவன். வருடம் முழுக்கப் பெரிய போட்டிகளில் ஆடுவதற்கு வீரர்களுக்கு ஓர் அட்டை உண்டு. அவனுடைய அட்டையைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுத்த தவணையில் அதுதான் கடைசி வாரம். குறைவான அடியில் குழிகளை முடித்தவர்களைப் பிரித்துச் சனிக்கிழமை சாயங்காலம் கோடு போடுவார்கள். கோட்டிலோ அதற்கு மேலோ இருப்பவன் ஞாயிற்றுக்கிழமை ஆடுவான். ஞாயிறு ஆடினால் அவன் அட்டை தங்கும், இல்லாவிட்டால் போகும். வெள்ளி ஆட்டம் முடிந்தபோது அவன் சரியாகக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை நடந்ததை அப்பா எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னார், இரண்டு வருடத்தில். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து நாலு பந்துகளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாராம். லான்யன் எட்டிப் பார்த்தார்.

“என்னடா இது, நாலு?”

“எப்பவும் நாலுதானே சார்.”

“யார் சொன்னா? எனக்கு ரெண்டு பொண்டாட்டி. ஊர்ல யாரையாவது கேளு.” குரல் உயர்ந்தது. பக்கத்தில் யாரோ ஒருவர் திரும்பினார். “எவளோ ரெண்டு பேரை என் தலையில கட்டப் பாக்கறியா?”

அப்பா அந்தப் பந்துகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு வேறு நாலு பந்து எடுத்தார். எண்ணுக்குக் கீழே இரண்டு இரண்டு புள்ளி வைத்தார். லான்யன் அமைதியானார். பந்தை எடுத்துப் பார்த்து, “ம், இது சரி” என்றார். அந்த நிமிடம் அறையில் அவரைச் சமாதானப்படுத்துவதுதான் பெரிதாகத் தெரிந்தது என்றார் அப்பா.

முதல் மேடையில் கூட்டத்தைப் பார்த்ததும் லான்யனுக்குப் பழைய வரி தானாக வந்துவிட்டது. “நாலு புள்ளி. ஒவ்வொண்ணுக்கும் வக்கீல் வெச்சிருக்கேன்.” கூட்டம் சிரித்தது. அடுத்து ரீஸ் தன்னுடையதைச் சொன்னான். அதே கம்பெனி, அதே ஒன்றாம் எண், கறுப்பில் இரண்டு புள்ளி.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. கையில் இருக்கும் பந்திலும் இரண்டு புள்ளிதான். ஆனால் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது, இந்த மனிதர் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். முதல் குழி முடிந்து நடக்கும்போதே பேனாவை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த பந்திலும் பையிலிருந்த இரண்டிலும் இன்னும் இரண்டு புள்ளி சேர்த்தார். ஆக மூன்று பந்து. காலையில் இரண்டு புள்ளி வைத்தது நாலு பந்து.

“சார், உங்க பாக்கெட்ல பந்து இருக்கா?”

“இல்லையே.”

அப்பா நம்பினார். நாலாவது உடை மாற்றும் அறையிலேயே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு பதினைந்து குழி வரை எல்லாம் நன்றாகவே போனது. எந்த மட்டை என்று லான்யன் கேட்பதற்கு முன்னால் அப்பா நீட்டினார். கொடிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன்னால் சொன்னார். லான்யன் ஒரே நகைச்சுவையை மூன்று முறை சொன்னபோது மூன்று முறையும் முதலாவதாகச் சிரித்தார். யாருக்கும் தெரியவில்லை.

நானும் அம்மாவும் பதினாறாவது குழியில் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். ஒவ்வொரு வருடமும் அம்மா அங்கேதான் நிற்பாள். அப்பா தாண்டிப் போகும்போது, பீன்ஸ் வைத்துச் சுருட்டி வெள்ளித்தாளில் சுற்றிய புரித்தோ ரொட்டியை அவர் கையில் திணிப்பாள்.

“அப்பா ஏன் இப்படி வேர்த்துப்போயிருக்கார்?” என்றேன்.

“அஞ்சாவது பொண்டாட்டின்னா சும்மாவா” என்றாள் அம்மா.

லான்யன் முதல் அடியிலேயே வலப்பக்கக் குளத்தில் பந்தைப் போட்டார். குளத்தருகே அப்பா ஒரு நாலு புள்ளிப் பந்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து மட்டையை உருவினார். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் லான்யன் அந்தப் பந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பாக்கெட்டில் காலையிலிருந்தே கிடந்த இரண்டு புள்ளிப் பந்தை எடுத்துக் கீழே விட்டார். அப்பா மட்டையை நீட்டினார், லான்யன் அடித்தார். எழுபத்தெட்டு வயசுக்கு நல்ல அடி. பந்து புல்வெளி நடுவில், ரீஸின் பந்துக்கு நாலைந்து தப்படி தள்ளிப் போய் நின்றது.

அந்த அடியை நாங்கள் பார்த்தோம், கை தட்டினோம். நேரமாகிறது என்று யாரோ அதிகாரி கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். லான்யன் அடுத்த மட்டையைத் தானே உருவிக்கொண்டு வேகமாக நடந்தார். அப்பா பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் குட்டைக் காலோடு பின்னால் போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் லான்யன் முதலில் தென்பட்ட பந்தை அடித்துவிட்டார். அது ரீஸின் பந்து. மிச்சமிருந்த பந்திடம் ரீஸ் போனான். ஒன்றாம் எண், இரண்டு கறுப்புப் புள்ளி. கிழவர் நாலு புள்ளி என்று தன் வாயாலேயே சொல்லியிருந்தார். ரீஸ் அடித்தான். பந்து கொடிக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

அவன் நாலில் முடித்தான். லான்யன் அடித்தது பின்பக்கப் புதருக்குள் போய்விட்டது. ஜோடியில் குறைவான அடிதான் கணக்கு, அவருடையது இனி உதவாது என்பதால் அப்பா பந்தைப் பொறுக்கிக்கொண்டார். துடைக்கும்போது பார்த்தார். இரண்டு புள்ளி. எண்ணுக்கு மேலே. அவர் வைப்பது எப்போதும் எண்ணுக்குக் கீழே. “சார், ஒரு நிமிஷம்” என்று லான்யனின் பாக்கெட்டில் கை விட்டார். நாலு புள்ளிப் பந்து வந்தது.

பதினேழாவது மேடைக்குப் போக ஒரு மரப்பாலம் இருக்கிறது. நூறு அடி நீளம்கூட இருக்காது. அடுத்தவன் பந்தை அடித்தவன், அடுத்த மேடையில் அடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டால் இரண்டு அடி தண்டம். திரும்பிப்போய்த் தன் பந்தை அதே இடத்தில் வைத்து ஆட வேண்டும். அடித்துவிட்டால் போட்டியிலிருந்தே வெளியே. ஆனால் அதெல்லாம் யாருக்காவது தெரிந்தால்தான். அந்தப் பாலத்தில் விஷயம் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார்.

அங்கே பேசியதை ரீஸ்தான் எனக்குப் போனில் சொன்னான். புத்தக வேலைக்காகக் கூப்பிட்டேன் என்று சொல்லி, கடைசியில் நான் யார் மகள் என்பதையும் சொல்லிவிட்டேன். பிறகு சொன்னான்.

அப்பா அவன் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறார். “தம்பி, கொஞ்சம் நில்லு.”

“மேடைக்குப் போய்ப் பேசலாம் பெரியவரே, விரட்டறாங்க.”

“அங்க போனா பேச முடியாது.” கையைத் திறந்து பந்தைக் காட்டியிருக்கிறார். “இது உன்னோடது. உன் பாக்கெட்ல இருக்கறது எங்களோடது.”

ரீஸ் தன் பந்தை எடுத்துப் பார்த்தான். புள்ளி எண்ணுக்குக் கீழே இருந்தது.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இப்ப உனக்கு.”

“ஏன்யா எங்கிட்ட சொன்னே?”

அப்பா பந்தை அவன் கையில் வைத்தாராம்.

“உங்கப்பா சொல்லாம விட்டிருந்தா எனக்கு அட்டை இருந்திருக்கும், விஷயமும் தெரிஞ்சிருக்காது” என்றான் ரீஸ். “சொன்னதுக்கு அப்புறம் எனக்கு வேற வழி இல்ல. நல்ல மனுஷன்தான். ஆனா சில நாள் அவரை நெனச்சா எனக்கு ஆத்திரம் வரும். தப்பா எடுத்துக்காதே.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ரீஸ் கை தூக்கி நடுவரைக் கூப்பிட்டதை நாங்கள் கயிற்றுக்குப் பின்னாலிருந்து பார்த்தோம். ஆட்டம் நின்றது. நீளக் கம்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டிவிக்காரன் தலைக்கு மேலே நீட்டினான். கயிறு பக்கத்திலேயே இருந்ததால் அவர்கள் பேசியது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. அந்த மைக்கால் அன்று சாயங்காலம் நாடு முழுக்கக் கேட்டது.

நடுவர் மரியாதையாகத்தான் கேட்டார். “மிஸ்டர் லான்யன், அங்க ரெண்டு பந்து கிடந்துச்சு. நீங்க எதை அடிச்சீங்க?”

“எது முன்னால கிடந்துச்சோ அதை.”

சிரிப்பு.

“உங்க பந்துல எத்தனை புள்ளி சார்?”

உலகத்திலேயே அவருக்கு மிகச் சுலபமான கேள்வி அது. பதில் வரப்போகிறது என்று கூட்டம் முன்கூட்டியே புன்னகைத்தது. லான்யன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார். “அது... அவளைக் கேட்டாத்தான் தெரியும்” என்றார்.

“யாரை சார்?”

யாரும் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்திருந்தவன் அதை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான்.

“நான்தாங்க” என்றார் அப்பா. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. “அவர் மேல தப்பில்ல. இதுதான் நம்ம பந்துன்னு நான்தான் காட்டினேன். காலையில புள்ளியைத் தப்பா வெச்சதும் நான்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

லான்யன் திரும்பி அப்பாவைப் பார்த்தார். முகம் தெளிந்தது. தெரிந்த ஆள் ஒருவனைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. “தேயோ” என்றார். “இருபத்தேழு வருஷமா என் தப்பையெல்லாம் மறைச்சே. இன்னிக்குத்தாண்டா நீ மாட்டினே.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கையும் தட்டினார்கள். கிழவர் இன்னும் அசத்துகிறாரே என்று என் பக்கத்தில் ஒருவர் சொன்னார். அம்மா, கொடுக்க முடியாமல் கையிலேயே இருந்த புரித்தோவின் வெள்ளித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

“சிரிக்கறாங்க பாரு” என்றாள்.

“அம்மா, அப்பா அங்க பந்தைக் காட்டவே இல்லையே. அவர் வர்றதுக்குள்ள அடிச்சிட்டாரே. நான் பாத்தேன்.”

“நானும்தான் பாத்தேன். வாயை மூடு.”

ரீஸ் திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் தன் பந்தை வைத்து ஆடினான். தண்டத்தோடு சேர்த்து ஏழு ஆயிற்று. கடைசி இரண்டு குழியில் உயிரைக் கொடுத்து ஆடி ஓர் அடியைக் குறைத்தான். போதவில்லை. சாயங்காலம் போட்ட கோட்டுக்கு இரண்டு அடி கீழே நின்றான். பதினெட்டாவதில் வழக்கப்படி எல்லோருக்கும் கை கொடுத்தான், அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. அது சரிதான் என்றார் அப்பா. லான்யன் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்துக்கு ஆட்டினார். பதினெட்டுக் குழி முடிந்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. இனி அப்பா பை தூக்க வர வேண்டாம். அதற்கு அடுத்த நாள் ஐலீனிடமிருந்து நன்றி என்று எழுதிய ஒரு சின்ன அட்டையோடு பெரிய கூடையில் ஆரஞ்சுப் பழம் வந்தது. எங்கள் தெருவில் ஆரஞ்சு மரம் இல்லாத வீடு கிடையாது.

“ஆகா” என்றாள் அம்மா. “பாத்தே இருக்கமாட்டோம்னு அனுப்பியிருக்கா.”

அப்பா ஒன்றை உரித்துத் தின்றார். இப்போது பேரீச்சைக் கிடங்கில் பழம் பிரிக்கிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். நடக்கிற வேலை இல்லை.

2004ஆம் வருடப் பெட்டியில் ஒரே ஒரு உறைதான் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு நான் மூன்று வடிவம் எழுதினேன். முதலாவதில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். எழுதி முடித்து ஒரு முறை படித்துவிட்டு அழித்தேன். லான்யன் அப்போது உயிரோடு இருந்தார். ரான்சோ மிராஜில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்திருந்தார்கள். முதுகுவலி என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவதில், ‘இரு பந்துகளிலும் ஒரே அடையாளம் இருந்ததால் பந்து மாறிவிட்டது’ என்று எழுதினேன். மலர்க் குழுவில் இருந்த பெரியவர் அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்தார்.

“பந்து தானா மாறுமா? யார் தப்புன்னு தெளிவா இருக்கணும். வாசிக்கறவங்க லான்யன் மேல சந்தேகப்படுவாங்க.”

“பை தூக்கறவர் மேல மட்டும் தப்பு இல்லன்னு கேள்விப்பட்டேன் சார்.”

“அவனே ஒத்துக்கிட்டான்மா. டேப்பே இருக்கு.”

டேப் இருக்கிறது. வரலாறு படித்த எனக்கு அதற்கு மேல் என்ன ஆதாரம் காட்டத் தெரியும்? என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நீ யார் என்று கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொன்னால் அப்பா கொடுத்த வாக்கு போய்விடும். மூன்றாவது வடிவத்தை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதை அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வியாழக்கிழமை அவரோடு இல்லத்துக்குப் போனேன். வியாழக்கிழமைதோறும் கிடங்கு முடிந்ததும் அவர் அங்கே போகிறார் என்பதே எனக்குச் சமீபத்தில்தான் தெரியும். லான்யன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அப்பாவை அடையாளம் தெரியவில்லை, ஆனால் சிரித்தார்.

அப்பா பாக்கெட்டிலிருந்து ஒரு புதுப் பந்தும் கறுப்புப் பேனாவும் எடுத்தார். “இன்னிக்கு எத்தனை சார்?”

லான்யன் பந்தை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்தார். “எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலியேப்பா” என்றார்.

அப்பா பேனாவை மூடிக்கொண்டார். பந்தை அவரிடமே விட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன். “புஸ்தகத்துல உங்க தப்புன்னு போட்டிருக்கேம்ப்பா. வேற மாதிரி போடவிடல.”

“என் தப்புதானே யெசி.”

“இல்ல. அவருக்கு ஞாபகம் போனதுனாலதானே...”

“பாக்கெட்ல பந்து இருக்கான்னு கேட்டேன். யார்கிட்ட கேட்டேன் பாரு. காலையில பொண்டாட்டி எத்தனைன்னு தெரியாத மனுஷன்கிட்ட கேட்டுட்டு, அவர் இல்லன்னு சொன்னதும் நம்பிட்டேன். நானே கையை விட்டுப் பாத்திருந்தா அந்தப் பையன் இன்னிக்கு ஆடிட்டிருப்பான்.”

அது தியாகமா, உண்மையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே வரியில் அடங்கிவிட்டது. லான்யன் போன மார்ச்சில் இறந்துவிட்டார். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

மலர் அச்சுக்குப் போவதற்கு முன் அறுபத்தெட்டாம் பக்கத்தின் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். ஏதாவது சொல்லுங்கள், ஒரு வார்த்தை சொன்னால்கூடச் சண்டை போட்டு மாற்றிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா விரலை வரிக்கு வரி நகர்த்தி மெதுவாகப் படித்தார். கீழிருந்து மூன்றாவது வரியில் விரல் நிற்கவில்லை. அதற்கு மேலே ஓரிடத்துக்குத் திரும்பிப் போய் நின்றது.

“இங்க இடப்பக்கக் குளம்னு போட்டிருக்கே.”

“ஆமா.”

“குளம் வலப்பக்கம். மாத்திடு.”

மாற்றினேன்.